எசக்கியின் தூக்குவாளி

ஒரே ஒரு மலை இருந்ததாம், அதில் பாதியை ஜல்லியாக்கி விற்றுவிட்டார்களாம். மீதியை வெட்டும் பொக்லைனை ஓட்டியவன் எசக்கி. ஒருநாள் சாயங்காலம் எஞ்சின் கொதிக்கிறது என்று சிவப்பு விளக்கு எரியவும், வண்டியை அப்படியே நிறுத்திவிட்டான்.

மறுநாள் விடிந்ததும் கம்பெனி இன்ஜினியர் வந்தார். சட்டை அழுக்காகாத தூரத்தில் நாற்காலி போட்டு, நீள வயரில் லேப்டாப்பை மாட்டிப் பார்த்தார்.

"நூத்திப் பதினெட்டு டிகிரி! ராத்திரி முழுக்க நின்னும் ஆறலை பாருங்க. தண்ணியில்லாம ஓட்டிப் பொசுக்கிட்டான்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த குவாரி முதலாளி முகம் கறுத்தது. "நாளையிலேருந்து வராதலே."

"சென்சார் கெட்டிருக்கும் முதலாளி."

"மெஷின் பொய் சொல்லாது," என்றார் இன்ஜினியர். "ஸ்பேனரைத் தொடாம நிரூபி, பார்ப்போம்."

எசக்கி தன் தூக்குவாளியை எடுத்துவந்து எஞ்சின் மேல் வைத்தான்.

"எனக்கு அதெல்லாம் தெரியாது சார். போறதுக்கு முன்னால ஒரு வாய் சூடாக் குடிச்சிட்டுப் போறேன். நூத்திப் பதினெட்டுன்னா கஞ்சி கொதிச்சிரும்லா?"

கால் மணி நேரம் ஆகியும் வாளியிலிருந்து ஆவி வரவில்லை. முதலாளி எழுந்துபோய் வாளியைத் தொட்டார். பிறகு எஞ்சினைத் தொட்டார். பனியில் நனைந்த இரும்பு சில்லென்றிருந்தது.

"நாளைக்கு வந்துருலே," என்று மெல்லச் சொல்லிவிட்டு அவர் ஆபீசுக்கு நடந்தார். இன்ஜினியர் லேப்டாப்பை மூடிக்கொண்டு ஜீப்புக்குப் போனார்.

எசக்கி ஆறிய கஞ்சியைத் தூக்கிக்கொண்டு நிழலைப் பார்த்து நடந்தான்.