ஞானாபரணத்தின் வீடு பறந்துபோன கதை

தலையாட்டிபுரத்துக்காரர்களிடம் ஒரு வேலையைச் சொல்லிவிட்டால் போதும். சொன்னவர் கையெடுத்துக் கும்பிட்டு 'வேண்டாம்' என்று கெஞ்சுகிற வரைக்கும் அதைச் செய்துகொண்டே இருப்பார்கள். அந்த ஊருக்குள்ளும் தவசிக்கனி கொஞ்சம் கூடுதல்.

பஞ்சாயத்தில் மோட்டார் போடுகிற வேலை அவருக்கு இருந்தது. "தொட்டி நிரம்பினதும் என்கிட்ட வந்து சொல்லணும்" என்று தலைவர் சொல்லியிருந்தார். தொட்டி நிரம்பிய அன்றைக்குத் தலைவர் மதுரையில் ஒரு கல்யாணத்தில் இருந்தார். தவசிக்கனி பஸ் பிடித்துப் போய், மண்டபத்தைத் தேடிக் கண்டுபிடித்து, தாலி கட்டுகிற நேரத்தில் மேடையேறி, "தொட்டி நிரம்பிருச்சு" என்று தலைவர் காதில் சொல்லிவிட்டுத் திரும்பினார். மோட்டார் அதுவரை ஓடிக்கொண்டே இருந்தது. கீழத்தெருவில் முழங்கால் ஆழத்துக்குத் தண்ணீர். வேலை போயிற்று.

"இனி ஒரு வேலையில இருந்து உங்களைத் துரத்திவிட்டாங்கன்னா நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிருவேன்" என்றாள் அவர் மனைவி. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பெட்டியையும் கட்டி வைத்துவிட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் ஞானாபரணம் வீட்டுக் காவல் வேலை வந்தது.

ஞானாபரணம் அந்த ஊரில் பிறந்து, யோசிக்கப் பழகிய ஒரே ஆள். கரையானைப் பற்றி ஆராய்ச்சி செய்து பெரிய விஞ்ஞானியானவர். எங்கெங்கோ தூரதேசத்திலிருந்தெல்லாம் ஆட்கள் அவரைத் தேடி வந்தார்கள். உள்ளூரில் அவருக்குக் கரையான் டாக்டர் என்று பெயர். கரையானுக்கு ஊசி எங்கே போடுவார் என்று டீக்கடையில் பந்தயம் கட்டினார்கள். உயிரோடு இருந்தவரை அவர் வீட்டு முன்னால் ஒரு தெருவிளக்குப் போட யாருக்கும் மனசு வரவில்லை. வெளிநாட்டில் ஒரு கூட்டத்துக்குப் போன இடத்தில் அவர் இறந்துபோனதும், அந்த ஓட்டு வீட்டை நினைவு இல்லமாக்கச் சொல்லி ஊரே கொடி பிடித்தது.

சென்னையிலிருந்து ரகோத்தமன் என்கிற உதவி இயக்குநர் ஜீப்பில் வந்தார். இறங்கவில்லை. ஜீப்பில் இருந்தபடியே பேசினார்.

"அந்த மகான் விட்டுட்டுப் போனபடியே வீடு இருக்கணும். வெளியில இருந்து ஒரு துரும்பு உள்ளே வரக் கூடாது. உள்ளே இருந்து ஒரு துரும்பு வெளியே போகக் கூடாது. புரியுதா?"

எல்லோரும் தலையாட்டினார்கள். ஜீப் போய்விட்டது. பாதுகாப்புக் குழுத் தலைவராக மாசானமுத்துவும், உறுப்பினராகப் பேச்சித்தாயும், காவலாளாகத் தவசிக்கனியும் அமர்ந்தார்கள்.

முதல் நாளே பேச்சித்தாய் வீட்டைப் பெருக்கத் துடைப்பத்தோடு வந்தாள். தவசிக்கனி வாசலிலேயே மறித்தார்.

"யக்கா, அது பூராவும் துரும்புல்லா!"

மாசானமுத்து துடைப்பத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தவசி சொல்றது நியாயம்தான். ஒரு துரும்பே கூடாதுன்னிருக்காரு. இது ஒரு கட்டு." அத்தோடு பெருக்குவது நின்றது.

ஞானாபரணம் கடைசியாகக் கிளம்பிய அவசரத்தில் அடுப்படிக் குழாயைச் சரியாக மூடாமல் போயிருந்தார். அது சொட்டிக்கொண்டே இருந்தது. விட்டுப்போனபடியே இருக்க வேண்டுமே, அதை மூட முடியுமா? தண்ணீர் தரையில் ஓடி வாசலைத் தாண்டப் பார்த்தது. தவசிக்கனி பகல் முழுக்க வாசலில் குத்தவைத்து, வாசலைத் தொட்ட தண்ணீரைச் சிரட்டையால் கோரி உள்ளே ஊற்றினார். சுவரெல்லாம் ஊறிப்போயிற்று. ஆனாலும் ஒரு சொட்டு வெளியே போகவில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைதான்.

பார்க்க வந்த தேங்காய் வியாபாரி ஒருவருக்கு நிலைப்படிச் சிராம்பு குதிகாலில் ஏறிவிட்டது. நொண்டிக்கொண்டே கிளம்பியவரை மூன்று பேரும் சேர்ந்து படுக்கவைத்து, காலை மடியில் தூக்கிவைத்து, ஊக்கால் தோண்டி எடுத்து, சிராம்பை மறுபடியும் நிலைப்படியிலேயே செருகினார்கள். அப்புறம்தான் அவரைப் போக விட்டார்கள். அதன் பிறகு பார்வையாளர்கள் குறைந்துபோனார்கள்.

கூடத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி இருந்தது. ஞானாபரணம் கரையான் வளர்த்த பெட்டி. அதன் மூடியையும் அரைகுறையாகத்தான் மூடிவிட்டுப் போயிருந்தார். ஈரச் சுவரைக் கண்டதும் கரையானுக்குக் கொண்டாட்டம். முதலில் மேசைக் கால், பிறகு புத்தக அலமாரி, பிறகு புத்தகம், பிறகு கதவு.

தவசிக்கனி அலறியடித்து ஓடினார். குழுவைக் கூட்டினார்.

"அண்ணாச்சி, கரையான் வீட்டைத் திங்குது. மருந்து அடிச்சிருவமா?"

"மருந்து வெளியில இருந்துதானே வரணும்?" என்றார் மாசானமுத்து.

"அப்ப கரையானை அள்ளி வெளியே போட்டா?" என்றாள் பேச்சித்தாய்.

"அது பெட்டிக்குள்ள இருந்த கரையான். இந்த வீட்டுச் சாமான். வெளியே போடலாமா?"

"அப்ப மேசை போச்சே, அண்ணாச்சி!"

மாசானமுத்து கண்ணை மூடி வெகுநேரம் யோசித்தார். ஊரில் அவரை அறிவாளி என்பார்கள். ஞானாபரணத்தைச் சொன்னதில்லை.

"மேசை எங்கேவே போச்சு? கரையான் வயித்துக்குள்ள இருக்கு. கரையான் எங்கே இருக்கு? வீட்டுக்குள்ள இருக்கு. அப்ப மேசை?"

"வீட்டுக்குள்ளதான் இருக்கு" என்றார் தவசிக்கனி. நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினார்.

மழைக்காலத்தில் உத்திரம் முறிந்து கூரை உட்கார்ந்தது. ஓடெல்லாம் உள்ளேதான் விழுந்தது, குறையில்லை. அடுத்த மழையில் சுவர்கள் கரைந்தன. ஓடும் மண்ணும் ஒரு குவியல். அதன்மேல் கரையான் புற்று கட்டிக்கொண்டு ஆளுயரத்துக்கு வளர்ந்தது. வாசலும் கரைந்துபோனதால், சுற்றுச்சுவர்க் கேட்டையே வாசலாக வைத்துத் தவசிக்கனி புற்றைச் சுற்றிவந்து காவல் காத்தார்.

ஒருநாள் ரகோத்தமன் போனில் கூப்பிட்டார்.

"நாளைக்குக் காலையில திறப்பு விழா. மந்திரி வர்றார். வீடு எப்படிய்யா இருக்கு?"

"ஒரு துரும்பு வெளியே போகல சார்."

"குட்" என்று வைத்துவிட்டார்.

அன்று சாயங்காலம் ஒரு பாட்டம் மழை பெய்து ஓய்ந்தது. கேட்டில் வாழைமரம் கட்டிக்கொண்டிருந்த தவசிக்கனி தற்செயலாகத் திரும்பினார். புற்றிலிருந்து ஈசல் கிளம்பிக்கொண்டிருந்தது. கரையானுக்குச் சிறகு முளைத்தால் ஈசல்தானே. கும்பல் கும்பலாக, புகை மாதிரி மேலே போயிற்று.

"அய்யோ, வீடு பறக்குதே!" என்று அலறினார்.

மாசானமுத்து வேட்டியை அவிழ்த்து வீசி வீசிப் பிடித்தார். தவசிக்கனிக்கு மனைவியின் பெட்டிதான் கண்முன் வந்தது. சட்டையைக் கழற்றி வீசிக்கொண்டு, "உத்திரம் போகுது! அலமாரி போகுது!" என்று அழுதபடி ஓடினார். பேச்சித்தாய் மட்டும் பதறவில்லை. விளக்கைக் கொளுத்தி, பக்கத்தில் அண்டாவில் தண்ணீர் வைத்தாள். ஈசல் மொத்தமும் வெளிச்சத்துக்கு வந்து தண்ணீரில் விழுந்தது.

"ஈரத்தோட விட்டா அழுகிப் போயிரும்" என்றாள். அரிசியோடு சேர்த்து, உப்பும் வத்தல்பொடியும் தூவி, மொறுமொறுவென்று வறுத்து ஒரு தாம்பாளத்தில் கொட்டினாள். "இந்தா, வீடு."

மறுநாள் காலை ரகோத்தமன் மந்திரிக்கு முன்னாலேயே வந்துவிட்டார். சாப்பிடாமல் வந்திருந்தார். கேட்டுக்குள் போட்ட பந்தலில் உட்கார்ந்தார். பக்கத்தில் தாம்பாளம் இருந்தது. மாவிலை கட்டி முடித்துத் தவசிக்கனி வந்தபோது, அவர் கையில் ஒட்டிய பொடியைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"பிரமாதம்யா. யார் செஞ்சது? சரி, வீட்டைக் காட்டு."

தவசிக்கனி காலியான தாம்பாளத்தைப் பார்த்தார். "சார்... நீங்க சாப்பிட்டுட்டீங்க."

விஷயம் புரிய ரகோத்தமனுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பந்தலுக்குப் பின்னால் போய்ப் பார்த்தார். மண்குவியலும் காலியான புற்றும் இருந்தன. திரும்பி வந்து உட்கார்ந்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"யோவ், கேட்டைத் திற. அவசரமா வெளிக்குப் போகணும்."

"மன்னிக்கணும் சார்" என்றார் மாசானமுத்து பணிவாக. "மொத்த வீடும் உங்க வயித்துக்குள்ள இருக்கு. நீங்க வெளிக்குப் போனா வீடும் வெளிக்குப் போயிரும். துரும்பு போகக் கூடாதுன்னது நீங்கதானே?"

அவர் கத்தினார், மிரட்டினார், பிறகு கெஞ்சினார். தவசிக்கனி கேட்டில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டார். இந்த வேலையை விடுவதாக இல்லை.

அதற்குள் மேளச்சத்தம் கேட்டது. மந்திரியின் கார் தெருமுனையில் திரும்பியது. ரகோத்தமன் முகம் வெளுத்தது. வீட்டைத் தொலைத்துவிட்டேன் என்று சொன்னால் பதவி என்னாவது? குரலைத் தாழ்த்தினார்.

"மந்திரிகிட்ட யாரும் வாயைத் திறக்காதீங்க. நான் பேசிக்கறேன். நீங்க வீட்டுக்கு ரிப்பனை மட்டும் கட்டிருங்க, போதும்."

மூன்று பேரும் தலையாட்டினார்கள். அவரைப் பந்தல் நடுவில் நிறுத்தி, வயிற்றைச் சுற்றிச் சிவப்பு ரிப்பனைக் கட்டி, தொப்புளுக்கு நேராகப் பூமுடிச்சுப் போட்டார்கள்.

அவர் அதை அவிழ்ப்பதற்குள் மந்திரி இறங்கினார். நாலு திறப்பு விழாவை முடித்துவிட்டு வந்தவர், அடுத்து இரண்டு பாக்கி. கத்திரிக்கோலை நீட்டியதும் வாங்கிக்கொண்டார். போட்டோக்காரர்களைப் பார்த்துச் சிரித்தபடியே ரகோத்தமன் வயிற்று ரிப்பனை வெட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள்.

"கட்டடத்தை நல்லா வச்சிருக்கீங்க" என்று மந்திரி பாராட்டினார். "அப்படியே உள்ளே போய்ப் பார்த்துரலாமா?"

வாயைத் திறக்காதே என்று உத்தரவு இருந்ததால் தவசிக்கனி மந்திரிக்குப் பதில் சொல்லவில்லை. ரகோத்தமன் பக்கம் திரும்பி, காதோரம் குனிந்து மரியாதையாகச் சொன்னார்.

"சார், நீங்க கொஞ்சம் வாயைத் திறங்க. ஐயா உள்ளே வரணுமாம்."