கைக்குள் ஒரு மீன்கண்

வடக்கே, சாலை எட்டாத ஒரு பெரிய ஏரிக்கரையில் டெனே என்னும் பழங்குடி மக்களின் சிற்றூர் ஒன்று இருக்கிறது. அங்கே போக விமானம்தான் வழி. ஏரி உறைந்துவிட்டால் பனிமேல் வண்டி ஓட்டியும் போகலாம். கைவிளையாட்டில் கெட்டிக்காரர் யார் என்று அந்த ஊரில் கேட்டால் மொதெஸ்தைக் காட்டுவார்கள். தொப்பையும் சிரிப்புமாக வந்து நிற்பார். இவரா குரு என்று கேட்கத் தோன்றும்.

அவருடைய சீடர் இசிடோருக்குத் தலை முழுக்க நரை. அது போதாதென்று, குருவுக்குச் சொந்தத் தாய்மாமன் வேறு.

இசிடோர் சிறுபிள்ளையாக இருந்தபோது அரசாங்க விமானம் வந்து ஊர்ப் பிள்ளைகளைத் தூரத்துப் பள்ளிக்கு அள்ளிக்கொண்டு போனது. அங்கே சொந்தப் பாஷை பேசினால் அடி. சிரித்தாலும் அடி. முகத்தைச் சுவர் மாதிரி வைத்துக்கொள்ளப் பையன் கற்றுக்கொண்டான். பள்ளி முடிந்து நகரத்திலேயே தங்கி, கிழவனாகி ஊர் திரும்பியபோதும் அந்த முகம்தான் கூட வந்தது.

கைவிளையாட்டு கேட்பதற்கு எளிது. இரண்டு அணியும் எதிரெதிரே மண்டியிடும். கம்பளிக்கு அடியில் ஒரு கையில் காயைப் பொத்திக்கொண்டு, இரண்டு முட்டிகளையும் வெளியே நீட்டி, மேளத்துக்கு ஆட வேண்டும். காய் என்றால் கூழாங்கல்லோ ஆணியோ, எதுவும் ஆகும். எதிரணித் தலைவர், காய் இதில்தான் என்று ஒரு கையைச் சுட்டுவார். சரியாகச் சுட்டினால் ஆள் வெளியே. தப்பாகச் சுட்டினால் கணக்குக் குச்சி ஒன்று நமக்கு; குச்சிகளை முதலில் சேர்த்த அணிக்கு வெற்றி.

சுவர் முகத்துக்காரரை யார் பிடிக்க முடியும் என்றுதான் ஊரே நினைத்தது. ஏரிக்கு அக்கரையிலிருந்து வரும் எதிரணித் தலைவர் அல்போன்ஸ் மட்டும், மேளம் சூடேறுவதற்குள் பிடித்துவிடுவார். ஒவ்வொரு தடவையும். அவரும் அதே பள்ளிக்குப் போனவர்தான். பள்ளி விடுதியில் இசிடோருக்குப் பக்கத்துக் கட்டில்.

இரண்டு கரை அணிகளும் மோதும் வசந்தக் கூட்டத்துக்கு முந்தின நாள் மொதெஸ்து கரையில் உட்கார்ந்து மீன் அரிந்துகொண்டிருந்தார். இசிடோர் வந்து நின்றார்.

"மாப்ளே, நாளைக்கும் பிடிபட்டேன்னா நான் நகரத்துக்கே விமானம் ஏறிடுவேன். பையெல்லாம் கட்டி வச்சாச்சு."

"எதுக்கு மாமா?"

"இந்த விளையாட்டு எனக்கு ஒட்டலை. ஊரும்தான்."

மொதெஸ்தின் கத்தி அப்படியே நின்றது.

"காயை எப்படி ஒளிக்கிறது? அதை மட்டும் சொல்லிக்கொடு."

"இந்த மீனைக் கொஞ்சம் பிடிங்க. வழுக்கும்."

"கேட்டதுக்குப் பதில் சொல்லுப்பா!"

"அதைத்தானே சொல்றேன். வாலைப் பிடிங்க."

சரியான கிறுக்கன் என்று திட்டிக்கொண்டே இசிடோர் வாலைப் பிடித்தார்.

மறுநாள் ஆட்டம் இழுபறி. ஊர் அணி ஜெயிக்க ஒரு குச்சிதான் பாக்கி. ஆனால் அல்போன்ஸ் ஒவ்வொருவராகச் சுட்டி எல்லாரையும் வெளியேற்றிவிட்டார், மொதெஸ்து உட்பட. மிஞ்சியது இசிடோர் மட்டும். ஊர் பெருமூச்சு விட்டது. சில பேர் டீ குடிக்க எழுந்தே போய்விட்டார்கள்.

கம்பளிக்குள் இசிடோர் காயைத் தேடினார். ஆட்டத்திலிருந்து வெளியேறியும் பக்கத்திலேயே மண்டியிட்டிருந்த மொதெஸ்து ஏதோ ஒன்றை அவர் கையில் திணித்தார். சில்லென்று, கொழகொழவென்று இருந்தது.

"என்ன எழவுடா இது?"

"மீன்கண்ணு. நேத்து நீங்க வாலைப் பிடிச்சீங்களே, அந்த மீனோடது."

"என் கல்லு எங்கே?"

"ஏரியில போட்டுட்டேன். கையை நீட்டுங்க, மேளம் அடிக்கிறாங்க."

நீட்டினார். இறுக்கினால் கண் நழுவியது. தளர்த்தினால் ஒட்டியது. முதலில் மூக்கு துடித்தது. அப்புறம் தோள் குலுங்கியது. நாய் தும்மினது போல ஒரு சத்தம் வந்தது. பிறகு ஐயோ, அந்தச் சிரிப்பு! இரண்டு முட்டிகளையும் நீட்டியபடியே மனிதர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். மேளக்காரர்களுக்குத் தாளம் தப்பியது. டீக்குப் போனவர்கள் கோப்பையோடு ஓடி வந்தார்கள்.

சுட்டுவதற்குத் தூக்கிய அல்போன்ஸின் கை தூக்கியபடியே நின்றது. வெகுநேரம் நின்றது. கடைசியில் இடது கையைச் சுட்டினார்.

இசிடோர் வலது கையை விரித்தார். மீன்கண் ஊரையே ஒரு பார்வை பார்த்தது. ஊர் கூரை பறக்கக் கத்தியது. எல்லாரையும்விடச் சத்தமாகக் கத்தியவர் அல்போன்ஸ்.

அப்புறம் விருந்து. முதல் துண்டு இறைச்சியை வழக்கப்படி நெருப்புக்குப் படைத்தார்கள். கட்டி வைத்த பையை அவிழ்த்துத் தன் தட்டை எடுத்துக்கொண்டு, இசிடோர் குருவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"இப்பத்தான் புரிஞ்சுது மாப்ளே. சிரிச்சா காயை ஒளிச்சிடலாம். அதானே வித்தை?"

மொதெஸ்து எலும்பிலிருந்த கொழுப்பை நக்கி முடித்தார்.

"எங்கே ஒளிச்சீங்க? உங்க விரலிடுக்குல அது பிதுங்கி வழிஞ்சுது. கைக்குழந்தைக்குக்கூடத் தெரிஞ்சிருக்கும்."

"அப்ப அல்போன்ஸுக்கு மட்டும் எப்படித் தெரியாம போச்சு?"

"அவர் உங்க கையைப் பார்க்கவே இல்லை மாமா. பக்கத்துக் கட்டில் பையன் சிரிக்கிறதைப் பார்த்துக்கிட்டிருந்தார்."