சாவகத்துப் பெண்ணும் வேலி போட்ட குளமும்

காற்றின் தயவில் கப்பல்கள் கடல் தாண்டிய காலம் அது. வெண்மணற்பட்டினம் என்றொரு துறைமுகத்தை ஆழிக்கோ என்ற அரசன் ஆண்டுவந்தான். விருந்தோம்பலில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்பது அவன் பெருமை. அந்தப் பெருமையால் வந்த வினையைத்தான் சொல்லப்போகிறேன், கேளுங்கள்.

சாவகத் தீவிலிருந்து வந்த கப்பல் ஒன்றில் வுலான் என்ற பெண் இருந்தாள். கப்பல் தலைவனின் மகள். தகப்பனோடு துறை துறையாகப் போய்த் தமிழ் பேசக் கற்றவள். வழியில் அவளுக்குக் கடுங்காய்ச்சல் கண்டது. கப்பலால் காத்திருக்க முடியாது, காற்று போய்விடும். "காற்று திரும்பும்போது வந்து அழைத்துப்போகிறேன்" என்று சொல்லி, தகப்பன் அவளைப் பட்டினத்தில் இறக்கிவிட்டுப் போனான்.

அரசன் அவளைத் தன் விருந்து மாளிகையில் வைத்தான். வைத்தியர் வந்தார், காய்ச்சல் இறங்கியது. தொல்லை அதற்குப் பிறகுதான் தொடங்கியது.

வுலான் அடுப்படிக்குப் போனாள். "நீங்கள் விருந்தாளி, உட்காருங்கள்" என்றார்கள். துடைப்பத்தை எடுத்தாள். "நீங்கள் விருந்தாளி" என்று பிடுங்கிக்கொண்டார்கள். கடைத்தெருவைப் பார்க்கப் புறப்பட்டாள். "நீங்கள் விருந்தாளி" என்று வாசலை மறித்தார்கள்.

காலையிலும் பகலிலும் மாலையிலும் அவளைப் பன்னீர் கலந்த தண்ணீரில் குளிப்பாட்டினார்கள். ஊர்ப் பெரியவர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். "எங்கள் நாடு எப்படி?" என்று கேட்பார்கள். அவள் வாய் திறக்குமுன், "இப்படி ஓர் உபசாரம் வேறெங்கும் கிடைக்காது" என்று அவர்களே சொல்லிக்கொள்வார்கள். வுலான் சிரிப்பாள். சிரித்துச் சிரித்துத் தாடை வலித்தது. உள்ளே கோபம் உலைநீராகக் கொதித்தது.

ஒரு நாள் விடிகாலை, காவலன் கண்ணயர்ந்த நேரம் பார்த்து வெளியேறினாள். கால்போன வழியில் நடந்து உப்பளத்துக்கு வந்து சேர்ந்தாள். அங்கே வெண்ணி என்ற உப்பளக்காரி இடுப்பில் குடத்தோடு வந்துகொண்டிருந்தாள்.

"தாகமாக இருக்கிறது. கொஞ்சம் தண்ணீர் கிடைக்குமா?" என்றாள் வுலான்.

மாளிகையில் உடுத்திவிட்ட பட்டுச் சேலையையும் அவள் முகத்தையும் வெண்ணி பார்த்தாள். "ஏன், மாளிகையில் தீர்ந்துபோய்விட்டதா?"

"என்மேல் ஏன் கோபம்?"

"வேறு யார்மேல் கோபப்பட? மாளிகைக்குப் பின்னால் இருக்கிற குளம்தான் எங்களுக்குக் குடிதண்ணீர். நீ வந்த பிறகு வேலி போட்டு அடைத்துவிட்டார்கள். விருந்தாளி குளிக்கிற தண்ணீரில் எங்கள் குடம் படக் கூடாதாம். மணல்மேட்டைத் தாண்டிப்போய் ஊற்றுத் தோண்டிக் கொண்டுவருகிறோம்."

சொல்லிவிட்டு, அந்தக் குடத்திலிருந்தே ஒரு செம்பு ஊற்றி நீட்டினாள்.

வுலானுக்கு வாங்கவும் கை வரவில்லை, மறுக்கவும் வாய் வரவில்லை.

"குடி. வெயில் ஏறுகிறது. நீ மயங்கி விழுந்தால் தூக்கிக்கொண்டு போவதும் எங்கள் தலையில்தான் விழும்."

வுலான் குடித்தாள். பிறகு பட்டுச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, உப்பு வாரும் பலகையை எடுத்துப் பாத்தியில் இறங்கினாள். வெண்ணி தடுக்கவில்லை. "சேற்றைக் கிளறாதே. மேலாக இழு" என்று அதட்டினாள். மதியம் கஞ்சியும் கருவாடும் கொடுத்தாள். வுலான் உப்பை 'உப்பி' என்று சொல்ல, உப்பளமே சிரித்தது. அவளும் சிரித்தாள். இந்தச் சிரிப்பில் தாடை வலிக்கவில்லை.

மாலையில் வீரர்கள் வந்து இருவரையும் சபைக்கு இழுத்துப்போனார்கள்.

அரசன் வுலானின் உள்ளங்கையைப் பார்த்தான். "என் விருந்தாளியின் கையில் கொப்புளம். இந்த உப்பளக்காரியை நாட்டைவிட்டுத் துரத்துங்கள்" என்றான்.

"அரசே, நானாகத்தான் போனேன்" என்றாள் வுலான். அரசன் புன்னகை செய்தான். "நானாகத்தான் வேலை செய்தேன்" என்றாள். மீண்டும் புன்னகை செய்தான். "இவள்மேல் குற்றமில்லை" என்றாள்.

"விருந்தாளி அப்படித்தான் சொல்வாள்" என்றான் அரசன். "உணவு எப்படி என்று கேட்டால் அமுதம் என்கிறாய், பாதியை இலையில் மிச்சம் வைக்கிறாய். மரியாதைக்குச் சொல்லும் பேச்சை நான் எப்படி நம்புவது?"

வெண்ணியின் கையைக் கயிற்றால் கட்டத் தொடங்கினார்கள். அதைப் பார்த்ததும் வுலானின் பொறுமை அறுந்தது.

"அப்படியானால் மரியாதை இல்லாமல் சொல்கிறேன், கேளுங்கள். உங்கள் சோறு எனக்குத் தெவிட்டுகிறது. உங்கள் மாளிகை எனக்குச் சிறை. நான் குளிப்பதற்காக இவர்கள் நாக்கு வறண்டது. அந்தப் பாவத்தை என்னைக் கேட்காமலே என் தலையில் ஏற்றினீர்கள். என் தகப்பன் என்னை ஓர் ஊரில் விட்டுப்போனார் என்று நினைத்திருந்தேன். நீங்களோ என்னை உங்கள் பெருமைக்குள் குடிவைத்தீர்கள். உங்கள் ஊரை எனக்குக் காட்டியவள் இவள் ஒருத்திதான். துரத்துவதானால் என்னையும் சேர்த்துத் துரத்துங்கள்."

அரசனின் முகம் சிவந்தது.

"இப்படிப் பேச உனக்குப் பயமில்லையா?"

"இருக்கிறது. கோபம் அதைவிடப் பெரிதாக இருக்கிறது."

மரியாதைப் பேச்சை நம்பமாட்டேன் என்று சபையறியச் சொன்னவன் அரசன்தான். இது மரியாதைப் பேச்சு இல்லை. நம்பாமல் இருக்க அவனுக்கு வழியில்லாமல் போயிற்று.

"கயிற்றை அவிழுங்கள். குளத்து வேலியைப் பிடுங்குங்கள்" என்றான். வுலானின் முகத்தைப் பார்க்காமல் எழுந்து போனான். அதன்பின் அவன் அவளோடு பேசவே இல்லை.

காற்று திரும்பும்வரை வுலான் வெண்ணியின் குடிசையில் இருந்தாள். கஞ்சியை அடிப்பிடிக்க விட்டுத் திட்டு வாங்கினாள். சில நாள் திருப்பியும் திட்டினாள். தகப்பனின் கப்பல் துறைக்கு வந்த அன்று, பட்டுச் சேலையை மாளிகைக்கே அனுப்பிவிட்டு, வெண்ணி கொடுத்த பருத்திச் சேலையில் கப்பல் ஏறினாள்.

விருந்தினர் பெயரைச் சொல்லித் தன் குடிகளை வாடவிடுகிறவன் செய்வது உபசாரம் அல்ல, வெறும் பகட்டு.