மேசைக்குள் மூங்கில் ஆப்பு

காட்டைக் காக்கும் கார்பன் திட்டத்து டைரக்டர் ஜெயசீலனுக்கு அன்று காலையிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. ஆய்வு அதிகாரி அம்மாவின் ஜீப் மலை ஏறிக்கொண்டிருந்தது. ஆபீஸ் சமையல்காரி நஞ்சியை நாலாவது தடவையாகக் கூப்பிட்டார்.

“மறுபடி சொல்றேன். நாங்க வரலேன்னா இந்தக் காட்டை உங்க ஊர்க்காரங்க வெட்டித் தீர்த்திருப்பாங்க. அதைத் தடுத்தோம்னுதான் வெளிநாட்டுப் பணம் வருது. அந்தம்மா கேட்டா, ‘ஆமா, வெட்டத்தான் இருந்தோம்’னு சொல்லு. மாத்திச் சொன்னே, நாளையிலிருந்து ஒருத்தரும் தேனெடுக்கக் காட்டுக்குள்ள போக முடியாது.”

“சொல்லிடறேன் சாமி,” என்றாள் நஞ்சி.

ஜீப் வந்தது. பூத்துணி விரித்த புது மேசையில் காகிதங்களைப் பரப்பிக்கொண்டு, டீ கொண்டுவந்த நஞ்சியிடம் அதிகாரி கேட்டார்: “காட்டை வெட்டத்தான் இருந்தீங்களா?”

“ஆமாங்கம்மா. ஆனா எங்ககிட்ட இருக்குறது விறகு பொளக்குற கோடாலிதான். பெரிய மரம் சாய்க்கிற மிஷின் இந்த டைரக்டர் ஐயாகிட்டதான் இருக்கு. அவர் குடுத்தா வெட்டிடுவோம்.”

“பொய்!” ஜெயசீலன் துள்ளி எழுந்தார். “இங்க ஒரு மரத்தையும் நாங்க தொட்டதில்லை. இந்த மேசைகூட டவுன்ல வாங்கினது.”

நஞ்சி டீ டம்ளர்களை ஓரமாக வைத்துவிட்டு மேசைத் துணியை உருவினாள். பலகைக்குள் வரிசையாக மூன்று மூங்கில் ஆப்புகள் புதைந்திருந்தன.

“தேன் மரத்துல கால் வச்சு ஏற நாங்க அடிக்கிற ஆப்பும்மா. இதை அடிச்சது என் வீட்டுக்காரர். டவுன்லயும் போய்த் தேனெடுத்திருக்காரு போல.”

அதிகாரி காகிதத்தைப் பார்த்தார். ‘காட்டை வெட்டக்கூடியவர்கள்: ஊர் மக்கள்’ என்றிருந்தது. ‘ஊர் மக்கள்’ என்பதை மட்டும் அடித்துவிட்டு, அதன் பக்கத்தில் பேனாவை நிறுத்தி, டைரக்டரைக் கேட்டார்:

“உங்க இனிஷியல் என்ன சார்?”