அல்லியங்கோதைக்கு மூன்று சாட்சிகள்

முன்னொரு காலத்தில் முத்தாறு நாட்டை மகரகேது என்றொரு ராஜா ஆண்டுவந்தார். காலையில் ஓர் ஆசை, மாலையில் வேறோர் ஆசை. ஒருநாள், நாட்டின் அறிஞர்களைப் பற்றிக் கலைக்களஞ்சியம் எழுதியே ஆகவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். அதில் இடம்பெறுபவரின் கண்டுபிடிப்பை ஊர் ஊராக முரசறைந்து சொல்லவும் உத்தரவு போட்டார்.

பொறுப்பு ஆஸ்தான புலவர் அகளங்கனாருக்கு. அந்த மகானுபாவர் முதல் வேலையாகத் தம்மைப் பற்றியே கட்டுக்கட்டாக எழுதித் தள்ளினார்.

மந்திரி நல்லுருத்திரர் ஒரு பெயர் சொன்னார். "அல்லியங்கோதை. மழைக்காலக் காய்ச்சல் குளத்து நீரால்தான் வருகிறது, கொதிக்கவைத்துக் குடித்தால் வராது என்று வீடு வீடாக ஆராய்ந்து கண்டு, ஏடுகளில் எழுதிவைத்திருப்பவள்."

"அவளை யாருக்குத் தெரியும்?" என்று புலவர் உதட்டைப் பிதுக்கினார். "உறவும் இல்லாமல், கூலியும் வாங்காமல் மூன்று பேர் அவளைப் பற்றிப் பேசட்டும். அவளால் பிழைத்தவர்களைக் கூட்டிவராதீர்கள், நன்றிக்கடனும் கூலிதான்!"

ராஜாவுக்கு இது வேடிக்கையாக இருந்தது. "நாளைக்குள் சாட்சி வராவிட்டால் அவள் ஏடுகள் அடுப்புக்கு!"

மழைக்காலம் நெருங்கிவிட்டது. முரசு கிளம்பாவிட்டால் மற்ற ஊர்களில் இந்த வருஷமும் பிள்ளைகள் சாகும். மந்திரி உடனே சாட்சி தேடிக் கிளம்பினார்.

மறுநாள் அவர் அல்லியங்கோதையோடு இரண்டு பேரை அழைத்துவந்தார். ஒருவன் மந்திரவாதி. "மகாராஜா, அந்தப் பொம்பளை வாய் திறந்ததிலிருந்து எங்க ஊர்ல ஒருத்தரும் தாயத்து கட்ட வர்றதில்லை. அவ நாசமாப் போக!" மற்றவன் லேகிய வியாபாரி. "என் லேகியம் பானையோட பூசணம் பிடிக்குது சாமி!"

"இது வசவல்லவா?" என்றார் புலவர்.

"ஆமாம். புகழ்ச்சிக்குக் கூலி கொடுக்கலாம். இவ்வளவு வயிற்றெரிச்சலுக்கு யார் கொடுப்பார்?" என்ற மந்திரி பெருமூச்சு விட்டார். "ஆனால் மூன்றாவது சாட்சி கிடைக்கவில்லை, தோற்றேன். அது கிடக்கட்டும் புலவரே, இறந்தவர் வீடுகளில் இரங்கற்பா பாடுவீர்களே, போன மழைக்காலத்தில் ஒன்றுகூடக் காதில் விழவில்லையே. கற்பனை வற்றிவிட்டதோ?"

புலவருக்கு முகம் சிவந்தது. "என் கற்பனையா வற்றியது? செத்தால்தானே ஐயா பாடுவது! இந்தப் பெண் வெந்நீர் வெந்நீர் என்று சொல்லி, எங்கள் பக்கத்தில் ஒரு சாவு விழவில்லையே!"

புலவர் வாயைப் பொத்தினார், பயனில்லை. ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார்.

"உறவில்லை, கூலியில்லை. மூன்றாவது சாட்சி நீரேதான்! அவள் பெயர் ஏறட்டும், முரசு கிளம்பட்டும். அகளங்கனாரே, உமக்கு மூன்று சாட்சி உண்டா?"

"மருமகன்... சீடன்..." என்று இழுத்தார் புலவர். தம் கட்டுகளைத் தாமே சுமந்து வெளியேறினார்.

"அம்மா, என்ன பரிசு வேண்டும்? தயங்காமல் கேள்!" என்றபடி ராஜா பொற்கிண்ணத்தை வாயருகே கொண்டுபோனார்.

அல்லியங்கோதை சபை அதிரச் சொன்னாள்: "முதலில் அதைக் கீழே வையுங்கள் அரசே. அரண்மனைக்குத் தண்ணீர் எந்தக் குளத்திலிருந்து வருகிறதென்று பார்த்துவிட்டுத்தான் வந்தேன்."