தேவாங்கு போட்ட பட்டியல்

மலைக்காட்டில் ஒரு பாழடைந்த பங்களா. அதன் கூடத்தில் ஒரு பியானோ. அதை வாசிக்கத் தெரிந்தது தேவாங்கு ஒன்றுக்குத்தான்.

முள்ளம்பன்றிகளுக்கு அந்தப் பெட்டிக்குள் குடியேற ஆசை. தலைவரான காட்டெருமையிடம் போய் முறையிட்டன. ஒரு கச்சேரி நடக்கட்டும், சபைக்குப் பிடித்தால் பியானோ தேவாங்குக்கு, இல்லையென்றால் உங்களுக்கு என்று காட்டெருமை சொல்லிவிட்டது.

தேவாங்கு பட்டியல் போட உட்கார்ந்தது. தன்னை மந்தம் என்று காடே கேலி பேசுவதில் அதற்கு வெகுநாள் எரிச்சல். ஆகவே விரல் பறக்கும் உருப்படிகளாகப் பார்த்து ஐந்தை எடுத்தது. முதலில் கடினமானது, அடுத்து அதைவிடக் கடினமானது என்று அடுக்கியது.

தாள் புரட்ட வந்த மைனா எட்டிப் பார்த்தது.

"அக்கா, அந்தத் தாலாட்டைக் காணோமே? அதுக்குத்தானே மான்கள் மேயறதை விட்டுட்டு ஜன்னல் பக்கம் வந்து நிக்கும்?"

"அதைப் பட்டியல்ல போடக் கூடாது. கச்சேரி முடிஞ்சதும் கும்பிட்டு உள்ளே போவேன். கைதட்டல் ஓயாது. இன்னொண்ணு கேப்பாங்க. அப்போ அது."

"கேக்கலேன்னா?"

"நீ தாளைப் புரட்டு, போதும்."

கச்சேரி நடந்தது. முதல் உருப்படிக்குச் சபை வாயைப் பிளந்தது. இரண்டாவதில் பிளந்த வாய் கொட்டாவி ஆனது. மூன்றாவதில் கரடி தன் நகங்களை ஆராய ஆரம்பித்தது. நான்காவதில் மைனா இரண்டு தாள்களைச் சேர்த்துப் புரட்டிவிட்டது. யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

ஐந்தாவது முடிந்ததும் கைதட்டல் கூரையைப் பிளந்தது. விட்டதே போதும் என்ற தட்டல். தேவாங்கு கும்பிட்டு உள்ளே போனது. கதவுக்குப் பின்னால் நின்று தாலாட்டுக்காக விரல்களை நீவிவிட்டுக்கொண்டது. தட்டல் நின்றது. மூச்சு வாங்குகிறார்கள் என்று நினைத்தது.

அதற்குள் வாசலுக்கு வந்துவிட்ட சபையிடம் காட்டெருமை கேட்டது: "கெட்டிக்காரிதான், மறுக்கவில்லை. இதை இன்னொரு தடவை கேட்க யாருக்காவது ஆசை உண்டா?"

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். தீர்ப்பு அதோடு முடிந்தது.

தேவாங்கு வெளியே வந்தபோது கூடம் காலி. முள்ளம்பன்றிகள் மட்டும் வாய் நிறையச் சருகோடு வந்துகொண்டிருந்தன.

"இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு," என்றது தேவாங்கு.

மூத்த முள்ளம்பன்றி சருகைக் கீழே வைத்தது. "அதை முதல்லயே வாசிச்சிருக்கலாமே அக்கா. கொஞ்சம் தள்ளி நில்லுங்க, மூடியைத் திறக்கணும்."

திறமையைக் காட்டி முடித்த பிறகு நல்லதைக் கொடுக்கலாம் என்று காத்திருப்பவருக்கு, அதை வாங்கிக்கொள்ள ஆள் மிஞ்சாது.