பாதி தரை, பாதி கப்பல்

நாகப்பட்டினத்துக்குப் பக்கத்தில் பனங்காட்டூர் தேங்காய் மண்டி என்றால் அண்ணன் தம்பி நாலு பேரையும் சேர்த்துத்தான் சொல்வார்கள். மூத்தவர் உத்திராபதி, முடிவு எடுப்பது அவர் வேலை. அடுத்தவர் அமிர்தகடேசன். தரங்கம்பாடிக்கு வரும் வெள்ளைக்காரர்களிடம் இளநீர் விற்ற வகையில் இங்கிலீஷ் தெரிந்தவர். மூன்றாமவர் குஞ்சிதபாதம், பஞ்சாங்கம் பார்க்காமல் பல் விளக்க மாட்டார். நாலாமவன் மாசிலாமணிக்கு நாற்பது தாண்டிவிட்டது. ஆனாலும் வீட்டில் இன்னும் சின்னப் பையன்தான். நாலு பேரும் நல்லவர்கள். சொன்னதைச் சொன்னபடியே செய்வார்கள். அவர்களிடம் இருந்த ஒரே தொல்லை அதுதான்.

அவர்களுக்கு ஒரே தங்கை, வண்டார்குழலி. அமெரிக்காவில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். அம்மா காரியத்துக்குக்கூட அவளால் வர முடியவில்லை. வருஷக்கணக்காக அண்ணன்களை போனில் பார்த்ததோடு சரி. ஒருநாள் அவள் கூப்பிட்டு, "பெரியண்ணே, எனக்கு லீவு கொடுத்துட்டாங்க. ஊருக்கு வந்து போற அளவுக்கு இல்லை. அதனால நீங்க நாலு பேரும் இங்கே வாங்க. அலாஸ்கான்னு வடக்குக் கோடியில ஒரு காட்டுப் பிரதேசம். டூர் போட்டிருக்கேன். பாதி தரை, பாதி கப்பல். நான் கப்பல்ல வந்து சேர்ந்துக்கறேன்" என்றாள்.

போனை வைத்ததும் மண்டியின் ஷட்டரை இறக்கிவிட்டு நாலு பேரும் யோசனை செய்ய உட்கார்ந்தார்கள்.

"பாதி தரை, பாதி கப்பல்னு சொல்றா" என்றார் உத்திராபதி. "நாம நாலு பேர். ஆக, ரெண்டு பேர் தரைக்கு, ரெண்டு பேர் கப்பலுக்கு."

"குழலி கப்பல்லதானே வர்றா? அப்ப தரைக்குப் போறவன் அவளைப் பார்க்க முடியாதே" என்றான் மாசிலாமணி. அவன் கண் கலங்கிவிட்டது.

தரைக்குப் போக யாரும் சம்மதிக்கவில்லை. கடைசியில் அமிர்தகடேசன் ஒரு வழி சொன்னார். "ஆளைப் பிரிச்சாத்தானே வம்பு? ஒவ்வொருத்தரும் பாதி போவோம். இடுப்புக்கு மேல கப்பல்ல, இடுப்புக்குக் கீழ தரையில."

உத்திராபதி வெகுநேரம் யோசித்தார். "கப்பல் கரையை ஒட்டியே போனா முடியும். ஆனா நாம வேகமா நடக்கணும்" என்றார்.

எதற்கும் கேட்டுவிடலாம் என்று திரும்பக் குழலிக்குப் போன் போட்டார்கள். அவள் முழுவதையும் கேட்டுக்கொண்டாள். பிறகு, "அண்ணே, எல்லாரும் முதல்ல தரையில போவீங்க. அப்புறம் ரயில் ஏறித் துறைமுகத்துக்கு வருவீங்க. அங்கே கப்பல் நிக்கும். எல்லாரும் முழுசா ஏறணும்" என்றாள். "அப்புறம், அங்கே குளிர் ஜாஸ்தி. கொஞ்சம் பழகிக்கிட்டு வாங்க."

பழகுவதற்காக மீன்பிடித் துறைமுகத்து ஐஸ் பேக்டரிக்குப் போனார்கள். முதலாளி தெரிந்தவர், என்ன ஏது என்று கேட்காமல் உள்ளே விட்டார். ஆளுக்கொரு ஐஸ் பாளத்தின் மேல் துண்டை விரித்து உட்கார்ந்தார்கள். ஒரு மணி நேரம் கழித்து உத்திராபதி, "எ...என்னடா, ப...பழகிடுச்சா?" என்று கேட்டார். தம்பிகளுக்குப் பல் கிட்டிப்போய் வாய் திறக்க வரவில்லை. "யாரும் இல்லைன்னு சொல்லலை. அப்ப பழகிடுச்சு" என்று அவர் எழுந்தார். எழ வரவில்லை. வேட்டி ஐஸோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பாளத்தோடு சேர்த்துத்தான் நாலு பேரையும் மீன் வண்டியில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பினார்கள்.

விசா ஆபீசில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்கள். "நீங்க அங்கேயே தங்கிட மாட்டீங்கன்னு என்ன நிச்சயம்?"

"மண்டியில தேங்காய் கிடக்குது சார்" என்றார் உத்திராபதி. அவர் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு அதிகாரி முத்திரை குத்திவிட்டார்.

எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தபோது குஞ்சிதபாதம் பஞ்சாங்கத்தோடு வந்து நின்றார். "அண்ணே, கிளம்புறது செவ்வாய்க்கிழமை. வடக்கே சூலம். மெட்ராஸும் வடக்கே, அலாஸ்காவும் வடக்கே."

"பரிகாரம் இருக்குமேடா?"

"பால் குடிச்சிட்டுக் கிளம்பலாம். ஆனா பிரயாணத்தன்னிக்குப் பால், தயிர் எதையும் தொடாதீங்க, வயித்தைக் கலக்கும்னு குழலி சொல்லியிருக்கா."

நாலு பேரும் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்கள். பாலைக் குடித்தால் தங்கை பேச்சைத் தட்டியதாகும். குடிக்காவிட்டால் சூலம். டிக்கெட்டை மாற்றினால் கப்பல் போய்விடும். கப்பலை விட்டால் அடுத்த லீவு எப்போது என்று குழலிக்கே தெரியாது.

அப்போது மாசிலாமணி கேட்டான்: "அண்ணே, நாம தெற்கைப் பார்த்துக்கிட்டே வடக்கே போனா சூலம் எப்படிக் கண்டுபிடிக்கும்?"

அவனை அன்றைக்குத்தான் முதல் தடவையாக உத்திராபதி தட்டிக்கொடுத்தார்.

வேனில் நாலு பேரும் சீட்டின் மேல் முட்டி போட்டு, பின்கண்ணாடியைப் பார்த்தபடியே சென்னை வந்து சேர்ந்தார்கள். விமான நிலையத்து வாசலில் பெட்டிகளை இழுத்துக்கொண்டு பின்பக்கமாக நடந்தார்கள். காவலர் நிறுத்தினார். "வெளியே போற வழி அந்தப் பக்கம்."

"நாங்க உள்ளே போறோம் சார்."

"உள்ளேயிருந்துதானய்யா வர்றீங்க?"

"இல்லைங்க, வெளியிலேருந்து வர்றோம்."

"அப்ப ஏன் வெளியே போறீங்க?"

இப்படியே பேசிக்கொண்டிருந்ததில் பின்னால் வரிசை நின்றுவிட்டது. காவலருக்கே கடைசியில் உள்ளே எது, வெளியே எது என்று தடுமாறிப்போய், டிக்கெட்டைப் பார்த்துவிட்டு எப்படியோ போங்கள் என்று விட்டார். விமானம் முதலில் மேற்கே போகிறது என்று பணிப்பெண் சொன்ன பிறகுதான் நாலு பேரும் நேராக உட்கார்ந்தார்கள்.

இரண்டு இடத்தில் விமானம் மாறி, அலாஸ்காவில் இறங்கி, டூர்க்காரர்களின் பஸ்ஸில் காட்டுக்குள் இருந்த ஒரு விடுதிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். சுற்றிலும் ஊசி ஊசியாக மரங்கள். அதற்கு மேலே வெள்ளை மலை. விடுதிக்குக் கீழே ஒரு சின்ன ரயில் நிலையம். மறுநாள் காலை அங்கேதான் துறைமுகத்து ரயில் வரும்.

குழலி போனில் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். "அண்ணே, அங்கே கரடி உண்டு. வெளியே நடக்கும்போது சத்தமா பேசிக்கிட்டே போங்க, அதுவா ஒதுங்கிப் போயிடும். அப்படியும் பார்த்துட்டா, ஓடாதீங்க. இருட்டுறதுக்குள்ள அறைக்கு வந்துடுங்க. காலையில ரயிலை மட்டும் விட்டுடாதீங்க. நான் கப்பல் வாசல்ல நிப்பேன்." அதோடு சிக்னல் போய்விட்டது.

சாப்பிட்டுவிட்டு நாலு பேரும் காலாற நடக்கப் போனார்கள். என்ன பேசுவது என்பதில் முதலில் தகராறு வந்தது.

"இங்கத்திய கரடிக்குத் தமிழ் தெரியாது" என்று சொல்லிவிட்டு அமிர்தகடேசன் முன்னால் போய்க் கத்தினார்: "ஸ்வீட் வாட்டர்! வெரி கூல்! கம் கம்!"

"கம் கம்னு ஏன்டா கூப்பிடற?" என்றார் உத்திராபதி. "நாளைக்குக் குழலியைப் பார்த்ததும் என்ன பேசறதுன்னு பழகிக்குவோம். அதையே சத்தமா பேசுவோம்."

அது எல்லாருக்கும் பிடித்திருந்தது. வரிசையாக நடந்துகொண்டே ஒவ்வொருவராகக் கத்தினார்கள். "குழலி, நல்லாயிருக்கியாம்மா?" என்றார் பெரியவர். "இளைச்சுட்டியேம்மா!" என்றார் அமிர்தகடேசன். "உன் ராசிக்கு இப்ப நேரம் நல்லாயிருக்கு!" என்றார் குஞ்சிதபாதம். மாசிலாமணி மட்டும் "குழலீ..." என்பதோடு நிறுத்தி, கண்ணைத் துடைத்துக்கொண்டான். அவனுக்கும் அவளுக்கும் இரண்டு வயதுதான் வித்தியாசம். ஒரே சைக்கிளில் பள்ளிக்கூடம் போனவர்கள்.

நடந்தார்கள், நடந்தார்கள், பொழுது சாயவே இல்லை. அந்த ஊரில் கோடையில் சூரியன் இறங்கிவிட்டாலும் வெளிச்சம் போகாது என்பது அவர்களுக்குத் தெரியாது.

"கால் வலிக்குதுண்ணே. அறைக்குப் போகலாமே?"

"இருட்டுறதுக்குள்ள போகணும்னுதானே சொன்னா? இன்னும் இருட்டலையே. நேரம் இருக்கு, நட."

"இந்த ஊர் சாயங்காலம் ரொம்ப நீளம்ணே" என்றார் குஞ்சிதபாதம்.

மரங்களின் நிழல் ஒரு பக்கமிருந்து இன்னொரு பக்கம் போய்விட்டது. கொட்டாவி விட்டுக்கொண்டே ஒரு ஓடையைத் தாண்டினார்கள். உத்திராபதி இன்னொரு தடவை, முழுத் தொண்டையில், "நல்லாயிருக்கியாம்மா?" என்று கேட்டார்.

எதிர்ப் புதரிலிருந்து ஒரு கரடி எழுந்து நின்றது.

உத்திராபதி அதை மேலும் கீழும் பார்த்தார். "இது குழலி இல்லை" என்றார் மெதுவாக.

யாரும் ஓடவில்லை. ஓடக் கூடாது என்று சொல்லியிருக்கிறாள். நாலு பேரும் நின்ற இடத்தில் நின்றார்கள். மாசிலாமணி மட்டும் கண்ணை இறுக மூடிக்கொண்டான். கரடி மூக்கை உயர்த்தி மோந்து பார்த்தது. பனங்காட்டூர் தேங்காய் எண்ணெய் வாசனையில் அதற்கு என்ன புரிந்ததோ, திரும்பிப் புதருக்குள் போய்விட்டது.

அவர்கள் விடுதிப் பக்கம் வந்து சேர்ந்தபோது கீழே காலை ரயில் ஊதியது. விடுதிக்காரர்கள் பெட்டிகளை எல்லாம் ஏற்கெனவே ரயிலில் ஏற்றிவிட்டு, வாசலில் நின்று இவர்களைப் பார்த்துக் கையை வீசி வீசிக் கூப்பிட்டார்கள்.

"அண்ணே, ரயில்! ஓடுங்க!" என்றார் அமிர்தகடேசன்.

உத்திராபதி அவர் சட்டையைப் பிடித்து நிறுத்தினார். "கரடியைப் பார்த்துட்டா ஓடாதீங்கன்னு சொன்னா. பார்த்துட்டோம். எத்தனை நேரத்துக்கு ஓடக் கூடாதுன்னு அவ சொல்லலை."

"போன் போட்டுக் கேட்போமா?"

"சிக்னல் இல்லை."

நாலு பேரும் கண்ணில் நீர் வழிய, மெதுவாக நடந்தார்கள். ரயில் இரண்டாம் தடவை ஊதியது. கப்பல் வாசலில் தங்கை நின்றுகொண்டே இருப்பது உத்திராபதி மனதில் வந்து வந்து போனது. ஆனாலும் சொல் மீற மாட்டார். நடை மாறவில்லை.

திடீரென்று மாசிலாமணி நின்றான். "அண்ணே, நான் கண்ணை மூடிக்கிட்டிருந்தேன். நான் கரடியைப் பார்க்கவே இல்லை."

உத்திராபதி அவன் தோளைப் பிடித்தார். "நிச்சயமாத்தானே சொல்ற? வாலைக்கூடப் பார்க்கலையே?"

"சத்தியமா இல்லைண்ணே."

"அப்ப நீ ஓடலாம்டா! ஓடு!"

மாசிலாமணி ஓடினான். இறக்கத்தில் உருண்டும் ஓடினான். ஒரு கால் பிளாட்பாரத்திலும் ஒரு கால் ரயில் படியிலுமாக நின்று, இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டான். கார்டு என்ன சொல்லியும் நகரவில்லை. "மை பிரதர்ஸ் வாக்கிங்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னான். கார்டு எட்டிப் பார்த்தார். தூரத்தில் மூன்று பேர், சாமி ஊர்வலத்துக்கு முன்னால் நடப்பவர்களைப் போல, நிதானமாக வந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் ஏறி உட்காரும் வரை ரயில் நின்றது.

துறைமுகத்தில், ஏழு மாடிக் கட்டிடத்தைப் படுக்க வைத்தது போல நின்ற கப்பலின் வாசலில், குழலி நின்றுகொண்டிருந்தாள். காது ஓரத்தில் நரை விழுந்திருந்தது. காட்டில் பழகியது எல்லாம் நாலு பேருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது. நேருக்கு நேர் நின்று, கரடி விரட்டுகிற குரலில், "நல்லாயிருக்கியாம்மா!" என்று சேர்ந்து கத்தினார்கள். பக்கத்தில் நின்ற ஒரு பாட்டியம்மாவின் கையிலிருந்த காபி கொட்டிவிட்டது. குழலி சிரித்தாள், அப்படியே அழுதாள், பெரியண்ணன் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். மாசிலாமணி முன்னால் வந்தான். அவள் பெட்டியை வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டான்.

கப்பல் புறப்பட்டது. ஒரு காலையில், மலையிலிருந்து இறங்கிக் கடல் வரைக்கும் அப்படியே உறைந்துபோய் நின்ற பனியாற்றின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்கள். நீலமும் வெள்ளையுமாக ஊர் அகலத்துக்கு நின்றது அது. ஒலிபெருக்கியில் ஏதோ சொன்னார்கள். குழலி தமிழில் சொன்னாள்: "இந்தப் பனியாறு வருஷா வருஷம் பின்னால போயிட்டே இருக்காம்."

நாலு பேர் முகமும் வாடிவிட்டது. "இவ்வளவு தூரம் வந்திருக்கோம், அது பின்னால போகுதா?" என்றார் அமிர்தகடேசன்.

"கூச்ச சுபாவம்" என்றார் உத்திராபதி. "எல்லாரும் இப்படி முன்னால போய் முறைச்சா எதுதான் நிக்கும்? நாம கொஞ்சம் ஒதுங்குவோம்."

நாலு பேரும் கப்பலின் பின்கோடிக்குப் போய், கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அடக்கமாக நின்றார்கள். அந்தச் சமயம் எல்லாப் பக்கத்துப் பயணிகளும் பார்க்கட்டும் என்று கேப்டன் கப்பலை நின்ற இடத்திலேயே வட்டமடிக்க விட்டார். கொஞ்சம் கொஞ்சமாகப் பனியாறு பக்கவாட்டில் நகர்ந்து, பின்கோடிக்கே வந்து, நாலு பேர் எதிரில் நின்றது.

"பார்த்தியா, வந்துடுச்சு" என்று உத்திராபதி கிசுகிசுத்தார். "சத்தம் போடாதீங்க."

குழலிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அண்ணே, அது எங்கேயும் வரலை. கப்பல்தான் திரும்புது."

நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"திரும்புதா? அதுக்குள்ளயா?" என்றார் குஞ்சிதபாதம்.

"திரும்புதுன்னா ஊருக்குத்தானே? எடுங்கடா பெட்டியை" என்றார் உத்திராபதி.

குழலி எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். அவர்கள் அறைக்குப் போய்ப் பெட்டி, பை, மிச்சமிருந்த முறுக்கு டின் எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு கப்பலின் வாசல் கதவுக்கு முன்னால் வரிசையாகப் பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டார்கள். பெரியவர் தங்கையை நிமிர்ந்து பார்த்து, "நீயும் வாயேம்மா. நாகப்பட்டினத்துல இறங்கி, வீட்டுல ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போ. லீவுதான் இன்னும் இருக்கே" என்றார்.

குழலி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதற்கு மேல் அவளுக்கு வாதாட மனம் வரவில்லை. போய்த் தன் பெட்டியையும் எடுத்துவந்து மாசிலாமணி பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். முறுக்கு டின்னைத் திறந்தார்கள்.

அந்த வழியாக ஒரு மாலுமி வந்தான். அமிர்தகடேசன் எழுந்து போய், "நாகப்பட்டினம், ஸ்டாப்?" என்று விசாரித்தார்.

மாலுமி தலையை ஆட்டி, "நோ ஸ்டாப்" என்றான்.

அமிர்தகடேசன் திருப்தியோடு திரும்பி வந்து உட்கார்ந்தார். "நடுவுல எங்கேயும் நிக்காதாம்ணே. பாயிண்ட் டு பாயிண்ட்."